இஸ்தான்புலில் சைவ உணவு தேடும் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை: 12,000 லிரா முன்பணமும் போயிற்று, விருந்தும் நடக்கவில்லை

இதை எழுதும் இந்த நேரத்திலும் என் கோபம் ஆறவில்லை. இஸ்தான்புலில் சுல்தானகமத் பகுதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் சந்துகளுள் ஒன்றில் ஒரு சிறிய தேநீரகம் இருக்கிறது. துருக்கிய உணவும் பன்னாட்டுச் சைவ உணவும் கிடைக்கும் என்று வாசல் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். என் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் விருந்துக்காக எங்களிடம் 12,000 லிரா முன்பணம் வாங்கிக்கொண்ட அந்தக் கடை, வாழ்நாளில் முட்டையைக்கூடத் தொடாத என் அம்மாவின் முன்னால் கொத்துக்கறி அடைத்த கத்தரிக்காயைக் கொண்டுவந்து வைத்தது. கேட்டதற்குச் சிரித்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு நாளைக் கடத்தினார்கள். 12,000 லிரா என்பது அப்போது நம் பணத்தில் ஏறத்தாழ 25,000 ரூபாய். ஓய்வூதியத்தில் வாழும் பெற்றோருக்காகப் பிள்ளைகள் இருவரும் சேர்த்து வைத்த பணம் அது.

கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பலகையை மாற்றிக்கொண்டு அடுத்த சந்தில் கடை போடுவது அவர்களுக்குப் பெரிய காரியமில்லை. எப்படி நம்ப வைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் உங்களுக்குப் பயன்படும்.

துருக்கியில் காய்கறிக்கும் பருப்புக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் சிவப்புப் பருப்பில் செய்யும் மெர்ஜிமெக் சூப்பைக்கூடப் பல கடைகளில் எலும்பு வேகவைத்த நீரில்தான் செய்கிறார்கள். வெறும் சோறு போலத் தெரியும் பிலாவிலும் கோழி வேகவைத்த நீர் இருக்கும். இறைச்சித் துண்டு கண்ணில் படாவிட்டால் அது சைவம்தான் என்று உண்மையாகவே நினைக்கும் கடைக்காரர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. இந்தத் தேநீரகத்துக்காரருக்கோ வேறுபாடு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவரை நம்பினோம்.

முதல் முறை நாங்கள் போனது மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில். தாழ்வான மேசைகள், கிலிம் விரிப்புப் போட்ட திண்டுகள், மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும் இரட்டைக் கெண்டி. அங்கே தேநீரில் பால் சேர்ப்பதில்லை என்பதால் அம்மாவும் சித்தியும் ஊருக்கு வந்ததிலிருந்தே கசப்பைப் பொறுத்துக்கொண்டு குடித்து வந்தார்கள். கடைக்காரர் அதைக் கவனித்தார். மேல் கெண்டியிலிருந்து டிகாக்‌ஷனைக் கண்ணாடிக் குவளையின் அடியில் ஒரு விரல் உயரம் மட்டும் ஊற்றி, கீழ்க் கெண்டியின் வெந்நீரால் நிரப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறத்தைப் பார்த்துவிட்டு அம்மாவின் கையில் கொடுத்தார். ரிசேயிலிருந்து வந்த இலை, கருங்கடல் மழையில் விளைந்தது என்று சொன்னார். அம்மாவை "ஆன்னே" என்று அழைத்தார். அங்கே தாயை அப்படித்தான் அழைப்பார்கள்.

பருப்பு சூப்பில் எலும்பு நீர் உண்டா என்று நான் கேட்டபோது அவர் வாயால் பதில் சொல்லவில்லை. என்னையும் சித்தியையும் சமையலறைக்குள் அழைத்துச் சென்று பானையின் மூடியைத் திறந்து, கரண்டியால் அடிவரை கிளறிக் காட்டினார். வெங்காயம், கேரட், பருப்பு, மேலே மிதக்கும் பாப்ரிகா வெண்ணெய்; அவ்வளவுதான். தன் தாயும் இறைச்சி தொடாதவர் என்றும், அவருக்காகத்தான் இந்தக் கடையையே தொடங்கியதாகவும் சொன்னார். அன்று சாப்பிட்ட சூப்பும் உருளைக்கிழங்கு வைத்த கெஸ்லெமே என்ற மெல்லிய ரொட்டியும் சுத்தமாகவும் சுவையாகவும் இருந்தன. இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகு எந்தக் குடும்பமும் நம்பத்தான் செய்யும்.

அப்பாவின் பிறந்தநாளுக்குப் பத்துப் பேருக்கு இரவு விருந்து வைக்க முடியுமா என்று என் தம்பி கேட்டான். கடைக்காரர் உடனே ஒரு குறிப்பேட்டை எடுத்து எங்களோடு உட்கார்ந்து, பதார்த்தம் பதார்த்தமாகப் பேசி எழுதிக்கொண்டார். எலும்பு நீர் இல்லாத மெர்ஜிமெக் சூப். வெங்காயமும் தக்காளியும் அடைத்து ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த இமாம் பாயில்டி. அரிசி மட்டும் வைத்துச் சுருட்டிய திராட்சை இலை. கோதுமை ரவையில் புளிப்பாகக் கிளறிய கிசிர். குழந்தைகளுக்கு ஃபலாஃபலும் ஹம்முஸும். இனிப்புக்குப் பைன் கொட்டை போட்ட ரவை ஹல்வா, நம் கேசரியைப் போலவே இருக்கும் என்று அம்மா அதைத்தான் விரும்பினார். மாடி அறை முழுவதும் எங்களுக்கே என்றார். தேநீர் எத்தனை குவளை குடித்தாலும் கடையின் உபசாரம் என்றார். எல்லாம் பேசி முடித்து 12,000 லிரா முன்பணம் கேட்டபோது, கார்டு மெஷின் பழுதாகி இருப்பதாகவும், ரொக்கமாகத் தந்தால் காலையிலேயே சந்தையில் காய்கறி எடுக்க வசதியாக இருக்கும் என்றும் சொன்னார். தம்பி வெளியே போய் ஏடிஎம்மில் எடுத்து வந்து 12,000 லிராவை எண்ணிக் கொடுத்தான். கடைக்காரர் குறிப்பேட்டின் தாளைக் கிழித்து, தொகையை எழுதிக் கையெழுத்திட்டு, நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்து கொடுத்தார்.

விருந்து இரவில் மாடி அறையில் வேறொரு சுற்றுலாக் குழு உட்கார்ந்திருந்தது. எங்களைக் கீழே, கதவோரம், இரண்டு மேசைகளில் பிரித்து உட்கார வைத்தார்கள். அப்பா முகம் வாடினாலும் ஒன்றும் சொல்லவில்லை. சூப் வந்தது, மேலே மெல்லிய கொழுப்பு வளையங்கள் மிதந்தன. சித்தி முகர்ந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பரிமாறிய இளைஞனிடம் என் கணவர் கேட்டதற்கு, கோழி நீர் மட்டும்தான், கோழி இல்லை என்று அவன் இயல்பாகச் சொன்னான். அதற்குள் கத்தரிக்காய் வந்துவிட்டது. இமாம் பாயில்டி ஆறிய பதத்தில் பரிமாறப்படுவது. இதுவோ ஆவி பறந்துகொண்டிருந்தது. முள்கரண்டியால் பிளந்தேன். உள்ளே வெங்காயத்துக்கு இடையில் பழுப்பு நிறத்தில் கொத்துக்கறி. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், இறைச்சி அடைத்த கார்னியாரிக் அது. மாடியில் இருந்த குழுவுக்காகச் செய்ததைத்தான் எங்களுக்கும் பகிர்ந்திருக்கிறார்கள். அம்மா எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார், அதன்பிறகு அன்றிரவு தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் அப்படித்தான் கழிந்தது.

வாசலில் எங்களை வரவேற்ற கடைக்காரர் அப்போது எங்கேயோ மறைந்துவிட்டார். கல்லாவில் இருந்த அவருடைய தம்பி, கொஞ்சம் இறைச்சிதானே, ருசிக்காக, என்று சிரித்தார். பணத்தைக் கேட்டதும் கணக்கெல்லாம் அண்ணன்தான், காலையில் வாருங்கள் என்றார். காலையில் கதவு பூட்டியிருந்தது. நண்பகலில் கிடைத்த அண்ணன், சமையல்காரர் புதியவர், பொருள் வாங்கப் பணம் செலவாகிவிட்டது, வேண்டுமானால் இன்னொரு நாள் இலவசமாகச் சமைத்துத் தருகிறேன் என்றார். அந்த அடுப்பில் சமைத்ததை இனி என் அம்மா எப்படித் தொடுவார்? பணம்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றபோது, வங்கியில் போடுகிறேன், ஐபான் எண் (பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்) அனுப்புங்கள் என்றார். இந்திய வங்கிக் கணக்குகளுக்கு ஐபான் எண்ணே கிடையாது. கணக்கு எண்ணையும் ஸ்விஃப்ட் குறியீட்டையும் அனுப்பினோம். ஐபான் இல்லாமல் அனுப்ப முடியாது என்று பதில் வந்தது. பிறகு வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் வந்தது, பதில் வரவில்லை. கடைசியாக, ஊர் திரும்பும் நாளன்று மாலை ரொக்கமாகத் தருவதாகச் சொல்லி என் தம்பியை வரவழைத்து, நெடுநேரம் உட்கார வைத்து, முதலாளி புர்சாவுக்குப் போய்விட்டார் என்றார்கள். அவன் குடித்த இரண்டு தேநீருக்கும் காசு வாங்கிக்கொண்டார்கள்! விமான நிலையம் போகும் வழியில் எங்கள் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள்.

சுற்றுலாக் காவல் பிரிவில் பொறுமையாகத்தான் கேட்டார்கள். ஆனால் அவர்கள் முதலில் கேட்டது ரசீது. குறிப்பேட்டுத் தாளில் கடையின் பெயரும் இல்லை, வரி எண்ணும் இல்லை. மெஷின் பழுது என்று சொன்னது எதற்காக என்று அப்போது தெளிவாகப் புரிந்தது. 12,000 லிராவை வாங்கியதற்கு எங்கும் தடயம் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பழுது. மாடிக் குழுவின் வழிகாட்டி அன்றிரவு அதே மெஷினில் கார்டைத் தேய்த்ததை என் கணவர் கண்ணால் பார்த்தார்.

விரிவான ஆலோசனை எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் ஒன்றவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்தால் துருக்கி மொழியில் "ஃபிஷ்" என்று கேட்டு, அச்சிட்ட ரசீதை வாங்குங்கள். கையால் எழுதிய தாள் செல்லாது. ஆலிவ் எண்ணெயில் செய்யும் காய்கள், "ஜெய்தின்யாலி" என்று பட்டியலில் இருப்பவை, பெரும்பாலும் ஆறிய நிலையில் வரும். கத்தரிக்காயோ சுருட்டிய திராட்சை இலையோ சுடச்சுட வந்தால் பிளந்து பார்க்காமல் பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். இறைச்சி உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள், "எத் சுயு", "தாவுக் சுயு" என்று இறைச்சி நீரையும் கோழி நீரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், ஒவ்வொரு முறையும் கேளுங்கள். 2024 ஜனவரி முதல் உணவகங்கள் விலைப்பட்டியலை வாசலிலேயே வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. இந்தக் கடையில் அது இல்லை. நுகர்வோர் புகாருக்கு 175 என்ற எண் இருக்கிறது, தங்கும் விடுதி வரவேற்பறையில் இருப்பவரைத் துருக்கி மொழியில் பேசச் சொல்லுங்கள், ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே செய்யுங்கள். விருந்துக்கு யாருக்கும் ரொக்கமாக முன்பணம் கொடுக்க வேண்டாம், எவ்வளவு அன்பாகப் பேசினாலும் வேண்டாம். சாப்பிட்டு முடித்த பிறகு கார்டில் கட்டுங்கள், ரூபாயா லிராவா என்று மெஷின் கேட்டால் லிராவை அழுத்துங்கள்.