கொரில்லாப் பிடி தருமா கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ் கிரிப்பர்?

கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ் என்பது பிடிப் பலம் வளர்க்கக் கையால் அழுத்தி மூடும் சுருள்வில் கருவி. பொருளில் குறை சொல்ல அதிகம் இல்லை. அலுமினியக் கைப்பிடி, கெட்டியான எஃகுச் சுருள். சுருள் தளர்வதற்கு முன் கை ஓய்ந்துவிடும். மூடத் தேவையான பலத்தை வைத்துப் பல மாடல்கள்: டிரெய்னர் 100 பவுண்டு, 1-ம் எண் 140, 2-ம் எண் 195, 3-ம் எண் 280, 4-ம் எண் 365. பயிற்சி இல்லாத பெரும்பாலோருக்கு 1-ம் எண்ணே முழுதாக மூடாது. 4-ஐ மூடியவர்கள் உலகிலேயே மிகச் சிலர். முதலாமவர் ஜோ கின்னி, 1998-இல்.

பிசகு வாங்குகிறவர் கணக்கில்தான். "கொரில்லாவுக்கு மனிதனைப்போல் பத்து மடங்கு பலம்" என்று படித்துவிட்டு நேரே 2-ம் எண்ணில் கை வைக்கிறார்கள். அந்தப் பத்து மடங்குக்கு முறையான அளவீடு கிடையாது. அளக்கும் கருவியை ஒழுங்காகப் பிடித்து அழுத்தக் கொரில்லா சம்மதிக்க வேண்டுமே! அதன் உறவான சிம்பன்சியின் தசையை 2017-இல் ஆராய்ந்தபோது, அதே அளவு மனிதத் தசையைவிடச் சுமார் 1.35 மடங்கு திறன்தான் தெரிந்தது. ஆண் கொரில்லா 160 கிலோ வரும். நீண்ட கை, அகன்ற தோள், தடித்த முன்கை. தசையின் தரத்தைவிட இந்த அளவுதான் பெரிய வித்தியாசம். அதைச் சுருள் கம்பி தராது.

கிரிப்பர் வளர்ப்பது நசுக்கும் பலத்தை மட்டும். ஒரு பிடியைக் கட்டைவிரல் அடிச்சதையில் ஊன்றி, மற்றதை நான்கு விரலால் இழுக்க வேண்டும். ஊன்றும் இடம் சற்று வழுக்கினாலும் மூடாது, கை வழுக்காமல் பூசும் சாக்பீஸ் போன்ற வெள்ளைத் தூள் உதவும். கடைசி அரை அங்குலம்தான் கடினம், ஏனென்றால் சுருள் மடங்க மடங்க எதிர்ப்பு கூடும். கை சிறியவர்களுக்குத் தொடக்கமே சிரமம், விரல் நுனி மட்டுமே எட்டும். ஒரே எண் போட்ட இரண்டு கிரிப்பர்கூட ஒன்றுபோல் இருக்காது. பிடிப் பலத்தை அளக்கும் மானி காட்டும் கிலோவோடு இந்தப் பவுண்டை ஒப்பிடவும் கூடாது.

வாரம் 2 நாள் போதும். லேசான கிரிப்பரில் 10 முறை, பிறகு கனமானதில் 3 முதல் 5 முயற்சி. தினமும் அழுத்தினால் முழங்கையின் உட்பக்கம் வலிக்கும். தசை தேறும் வேகத்தில், அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் தேறாது. முடித்ததும் விரல்களில் ரப்பர் பேண்டு மாட்டி 20 முறை விரியுங்கள்.

தொங்கும், பிடித்து இழுக்கும் பலம்தான் வேண்டுமென்றால் 5 செ.மீ. தடிமனுள்ள கம்பியில் தொங்குவது மேல். கிரிப்பர்தான் வேண்டுமென்றால் டிரெய்னரும் 1-ம் எண்ணும் வாங்குங்கள். டிரெய்னரை நிறுத்தாமல் 12 முறை மூடும்வரை 1-ஐப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.