இரண்டு கருவி, ஒரு பட்டியல், நெட் இல்லை: எந்த டு-டு ஆப் தாங்கும்?

டு-டு லிஸ்ட் ஆப் எதன் விளம்பரத்தைப் பார்த்தாலும் "ஆஃப்லைனிலும் வேலை செய்யும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. நெட் இல்லாதபோது பட்டியல் திறக்குமா? புதிதாக எழுதவும் டிக் அடிக்கவும் முடியுமா? ரிமைண்டர் சொன்ன நேரத்துக்கு அடிக்குமா? போனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று என்று தனித்தனியே மாற்றி வைத்ததை, நெட் வந்ததும் எப்படிச் சேர்க்கும்? போனில் முதல் இரண்டையும் எல்லா ஆப்களும் தேறிவிடுகின்றன. பெரிய வேறுபாடு கடைசிக் கேள்வியில்தான். விலைப்பட்டியலிலும் ஸ்கிரீன்ஷாட்டிலும் அது தெரியாது.

இங்கே எடுத்துக்கொண்டவை: மைக்ரோசாஃப்ட் டு டூ, டுடூயிஸ்ட், கூகுள் டாஸ்க்ஸ், ஆப்பிள் ரிமைண்டர்ஸ். இவற்றுக்கு எதிர் அணியில் இரண்டு: ஆண்ட்ராய்டின் திறமூல ஆப்பான (நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்) டாஸ்க்ஸ்.ஆர்க்கும், வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் வேலை பார்க்கும் டுடூ.டெக்ஸ்ட் முறையும்.

ஆப்பிளை முதலிலேயே முடித்துவிடலாம். ஐபோன், ஐபேட், மேக் மூன்றும் உங்களிடம் இருந்தால் ரிமைண்டர்ஸ் போதும், காசும் கிடையாது. வீட்டில் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போனோ ஆபீஸில் ஒரு விண்டோஸ் லேப்டாப்போ நுழைந்தால் ஐகிளவுட் வலைப்பக்கம்தான் மிச்சம். நெட் போனால் அதுவும் இல்லை. பழைய ஆப்பிள் கருவி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: 2019-இல் ஐஓஎஸ் 13 வந்தபோது ரிமைண்டர்ஸின் உள்கட்டமைப்பையே மாற்றினார்கள். ஒரு கருவியில் "அப்கிரேட்" கொடுத்ததும், பழைய ஓஎஸ்ஸில் நின்றுவிட்ட மற்ற கருவிகளில் அந்தப் பட்டியல் வராமல் போனது. ஒரே கம்பெனியின் கருவிகள் என்பதால் சிங்க், அதாவது கருவிகளுக்கிடையே பட்டியல் ஒத்துப்போவது, தானாக நடந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கணினியில் யார் தனி ஆப் தருகிறார்கள்

போனில் எல்லாரும் நல்ல பிள்ளைகள். லேப்டாப்பில்தான் சாயம் வெளுக்கும். கூகுள் டாஸ்க்ஸுக்குக் கணினியில் தனி ஆப்பே இல்லை. ஜிமெயில் அல்லது காலண்டரின் பக்கவாட்டில் திறக்க வேண்டும், அல்லது அதன் வலைப்பக்கத்துக்குப் போக வேண்டும். போனில் ஆஃப்லைனிலும் எழுதலாம் என்பது உண்மை. ஆனால் ரயிலில் லேப்டாப்பைத் திறந்து பட்டியலைப் பார்க்க நினைப்பவருக்கு அது உதவாது. மைக்ரோசாஃப்ட் டு டூவுக்கு விண்டோஸிலும் மேக்கிலும் முறையான ஆப் உண்டு. நெட் இல்லாமல் எழுதியதை வைத்திருந்து பிறகு அனுப்பும். லினக்ஸ்காரர்களுக்கு பிரவுசர்தான். டுடூயிஸ்ட் மட்டும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஆப் தருகிறது. ஆபீஸில் விண்டோஸ், வீட்டில் உபுண்டு லினக்ஸ், கையில் ஆண்ட்ராய்டு என்று கலவையாக வைத்திருப்பவர்கள் அதன் பக்கம் போவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

பிரவுசரிலேயே ஆஃப்லைனில் ஓடுகிற ஆப்களும் உண்டு, வலைப்பக்கம் தன் தரவை பிரவுசருக்குள் சேமித்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சேமிப்பு பிரவுசரின் தயவில் இருக்கிறது. சஃபாரியில் 2020 முதல், ஒரு தளத்தை 7 நாள் பயன்படுத்தாமல் விட்டால் அது சேமித்து வைத்ததை பிரவுசரே துடைத்துவிடும். ஹோம் ஸ்கிரீனில் சேர்த்துவைத்த வலை ஆப்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே பிரவுசர் டேபை நம்பி, சிங்க் ஆகாத குறிப்புகளை விட்டுவைக்காதீர்கள்.

இரண்டு பக்கமும் மாற்றினால் என்ன ஆகும்

ஒரு வேலை: "மின் கட்டணம் கட்ட". போன் நெட் இல்லாத இடத்தில் இருக்கிறது. அங்கே அதன் தலைப்பை "மின் கட்டணம், அம்மா வீட்டுக்கும் சேர்த்து" என்று மாற்றுகிறீர்கள். அதே நேரம் வீட்டு லேப்டாப்பில் யாரோ அதன் தேதியை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைக்கிறார்கள். போனுக்கு நெட் வருகிறது. இப்போது பட்டியலில் என்ன இருக்க வேண்டும்? புதிய தலைப்பும் புதிய தேதியும் இரண்டுமே. எல்லா ஆப்பும் அப்படிச் செய்துவிடும் என்று சொல்ல முடியாது.

டுடூயிஸ்ட் தன் சிங்க் முறையை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. நெட் இல்லாதபோது நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கட்டளையாக வரிசையில் நிற்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் தனி அடையாள எண் உண்டு. சிக்னல் விட்டுவிட்டு வந்து அதே கட்டளை இரண்டு முறை போய்ச் சேர்ந்தாலும், சர்வர் அந்த எண்ணைப் பார்த்து ஒரு முறைதான் நிறைவேற்றும். ஆஃப்லைனில் புதிதாகச் சேர்த்த வேலைக்கு ஒரு தற்காலிக எண் கொடுத்து, சர்வரை அடைந்ததும் நிரந்தர எண்ணாக மாற்றிக்கொள்ளும். ஒரு வேலையில் எதை மாற்றினோமோ அதை மட்டும் அனுப்பவும் அந்த முறையில் இடம் இருக்கிறது. தலைப்பு ஒரு கட்டளை, தேதி இன்னொரு கட்டளை. ஒன்றை ஒன்று மிதிக்க வேண்டியதில்லை. முழு வேலையையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புவதைவிட இது பலமடங்கு மேல்.

டாஸ்க்ஸ்.ஆர்க் போகும் பாதை வேறு. அதை நெக்ஸ்ட்கிளவுட் போன்ற, நாமே நிறுவிக்கொள்ளக்கூடிய சர்வருடன் கேல்டேவ் என்ற, காலண்டர்களைப் பரிமாறிக்கொள்வதற்கான பொதுத் தரத்தின் வழியாக இணைக்கலாம். 2007-இல் வகுத்த தரம் அது. அதன் சட்டப்படி ஒரு வேலை என்பது ஒரு தனி ஃபைல், அதற்கு ஒரு பதிப்பு முத்திரை. போன் தன் மாற்றத்தை அனுப்பும்போது "என்னிடம் உள்ள முத்திரைதான் உன்னிடமும் இருக்கிறதா?" என்று கேட்க முடியும். இதற்குள் லேப்டாப் தேதியை மாற்றியிருந்தால் முத்திரை மாறியிருக்கும். சர்வர் 412 என்ற பிழை எண்ணோடு மறுத்துவிடும். அப்படிக் கேட்கும் ஆப்புக்கு மோதல் நடந்தது தெரிந்துவிடுகிறது, அதுவே பெரிய விஷயம். ஆனால் அடுத்து என்ன செய்வது, சர்வரில் இருப்பதை எடுத்துக்கொண்டு போனில் எழுதியதைக் கைவிடுவதா, இரண்டையும் கலப்பதா என்பது அந்தந்த ஆப்பின் கையில். மேசைக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில், காலண்டர் மென்பொருளை வைத்து அதே பட்டியலைத் திறக்கலாம். காலண்டரைச் சேர்க்கும்போது ஆஃப்லைன் ஆதரவு என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதே டாஸ்க்ஸ்.ஆர்க்கை கூகுள் டாஸ்க்ஸுடனும் இணைக்கலாம். பலரும் அந்தச் சுலப வழியில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். வெளி ஆப்களுக்கு கூகுள் திறந்துவிட்டிருக்கும் வாசலில் தேதி மட்டும்தான் போகும், நேரம் போகாது. போனில் "மாலை 6 மணி" என்று வைத்தது மறுபக்கம் வெறும் "வியாழன்" என்று போய் நிற்கும். இது பழுது அல்ல, கூகுளே தன் ஆவணத்தில் சொல்லியிருக்கும் வரம்பு.

மைக்ரோசாஃப்ட் டு டூ மோதலை எப்படித் தீர்க்கிறது என்று பயனருக்குக் காட்டுவதில்லை. சாதாரணப் பயன்பாட்டில் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது, ஆனால் மோதல் வந்ததற்கான தடயம் எதுவும் கண்ணில் படாது. எதை இழந்தோம் என்பதே தெரியாமல் போவது எனக்குப் பிடிக்காத குணம்.

டெக்ஸ்ட் ஃபைல் அணி

2006-இல் தொழில்நுட்ப எழுத்தாளர் ஜினா டிராபானி தொடங்கிய டுடூ.டெக்ஸ்ட் முறையில் ஆப்புக்கு இரண்டாம் இடம்தான். ஒரு ஃபைல், வரிக்கு ஒரு வேலை. "மின் கட்டணம் கட்ட +வீடு @போன்" என்று எழுதினால், கூட்டல் குறி போட்டது எந்தத் திட்டம் என்பதையும், அட் குறி போட்டது எங்கே, எதைக் கொண்டு செய்வது என்பதையும் சொல்லும். முடிந்த வேலையின் வரித் தொடக்கத்தில் ஆங்கில எக்ஸ் எழுத்து. அவ்வளவுதான். நோட்பேடில்கூடத் திறக்கலாம். ஆண்ட்ராய்டில் மார்கோர், சிம்பிள்டாஸ்க், கணினியில் ஸ்லீக் என்று இதற்கென ஆப்களும் உண்டு.

ஆஃப்லைன் என்ற கேள்வியே இங்கே எழாது, ஃபைல் உங்கள் கருவியில்தானே இருக்கிறது. அதைப் பல கருவிக்குக் கொண்டு போவதுதான் பாடு. சிங்க்திங் என்ற திறமூல மென்பொருளை நான் சொல்வேன், அதற்கு நடுவில் ஃபைலைச் சேமித்துவைக்கும் சர்வர் கிடையாது. போனும் லேப்டாப்பும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். டேட்டாவை அணைத்துவிட்டு போனில் ஹாட்ஸ்பாட் மட்டும் போட்டு லேப்டாப்பை இணைத்தாலே பட்டியல் சேர்ந்துவிடும். மேலே சொன்ன கம்பெனி ஆப்கள் அப்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். மறுபுறம், இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். மூடிவைத்த லேப்டாப்புக்கு எதுவும் போகாது.

மோதல் வந்தால்? ஒரே ஃபைலை இரண்டு பக்கமும் மாற்றியிருந்தால், திருத்திய நேரம் பழையதாக உள்ள ஃபைலை சிங்க்திங் பெயர் மாற்றி, மோதல் நகல் என்ற குறியோடும் தேதி நேரத்தோடும் பக்கத்தில் வைத்துவிடும். எதுவும் அழிவதில்லை. இரண்டையும் பார்த்துக் கையால்தான் சேர்க்க வேண்டும். மொத்தப் பட்டியலும் ஒரே ஃபைல் என்பதால், போனில் "பால்" என்று ஒரு வரியும் லேப்டாப்பில் "வங்கி" என்று ஒரு வரியும் சேர்த்தாலே மோதல்தான், சம்பந்தமில்லாத வரிகளாக இருந்தாலும். வீடு, ஆபீஸ் என்று ஃபைலைப் பிரித்து வைத்தால் இது குறையும். சிங்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. இப்போது சிங்க்திங்-ஃபோர்க் என்ற கிளை ஆப்தான் ஓடுகிறது. ஐபோன்காரர்கள் இந்தப் பாதைக்கு வராமல் இருப்பதே நல்லது. பின்னணியில் ஓட ஐஓஎஸ் தாராளமாக விடாது.

ரிமைண்டர் அடிக்குமா

இதில் ஆப்பைவிட போன்தான் வில்லன். நேரத்தை போனிலேயே அலாரமாகப் பதிந்து வைக்கும் ஆப், நெட் இல்லாமலும் அடிக்கும். சர்வரிலிருந்து தகவல் வந்தால்தான் அடிக்கும் ஆப் மௌனமாக இருந்துவிடும். ஆண்ட்ராய்டு 14-இல் புதிதாக நிறுவும் ஆப்களில் பலவற்றுக்கு, துல்லியமான நேரத்தில் அலாரம் வைக்கும் அனுமதி தானாகக் கிடைக்காது, செட்டிங்ஸில் போய்க் கொடுக்க வேண்டும். பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் பின்னணி ஆப்களைக் கொல்லும் போன்களில், அந்தச் சேமிப்பிலிருந்து டு-டு ஆப்பை விலக்கி வைக்கவும் வேண்டும். டாஸ்க்ஸ்.ஆர்க் இந்த அனுமதிகளைக் கேட்டுவாங்குவதில் கறாராக இருக்கிறது. டுடூ.டெக்ஸ்ட் இந்தப் பந்தயத்திலேயே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆப்பாலும் தீராத சங்கடம் ஒன்றும் உண்டு: லேப்டாப்பில் டிக் அடித்த வேலைக்கு, நெட் இல்லாத போன் தன் பாட்டுக்கு மணி அடிக்கும். அதற்கு யார் போய்ச் சொல்வது?

தேதியைத் தமிழில் தட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: "நாளை மாலை 6 மணிக்கு" என்று எழுதினால் டுடூயிஸ்ட் அதைத் தலைப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதினால் புரிந்துகொண்டு தேதி போடும். தமிழில் பட்டியல் வைப்பவர்கள் காலண்டர் பொத்தானைத்தான் தட்ட வேண்டும். டுடூயிஸ்டின் இலவசக் கணக்கில் 5 ப்ராஜெக்டுக்கு மேல் இல்லை, நம் விருப்பப்படி ரிமைண்டர் அமைப்பதற்குக் காசு. டு டூவும் கூகுள் டாஸ்க்ஸும் முழுக்க இலவசம்.

கம்பெனி கடையைக் கட்டினால் என்ன என்பதையும் பார்த்துவிட வேண்டும். பெர்லினில் பிறந்த வுண்டர்லிஸ்டை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கி, 2020 மே 6-ஆம் தேதி மூடியது. அதன் பயனர்களுக்குக் காட்டிய வழிதான் டு டூ. அஸ்ட்ரிட் என்ற ஆப்பை யாஹூ 2013-இல் வாங்கி அதே ஆண்டில் மூடியது. ஆனால் அஸ்ட்ரிடின் நிரல் திறமூலமாக இருந்ததால் அதிலிருந்து கிளைத்ததுதான் இன்றைய டாஸ்க்ஸ்.ஆர்க். டுடூயிஸ்டிலிருந்து ப்ராஜெக்டுகளை சிஎஸ்வி என்ற அட்டவணை ஃபைலாக எடுக்கலாம், கூகுளில் நம் தரவை இறக்கிக்கொள்ள டேக்அவுட் இருக்கிறது. டு டூவில்தான் நேரடியாக எக்ஸ்போர்ட் செய்ய வழியில்லை, அவுட்லுக் வழியாகச் சுற்றிப் போக வேண்டும்.

வீட்டில் நாலு பேருக்கும் பொதுவான மளிகைப் பட்டியல்தான் வேண்டும், எல்லாரிடமும் வேறுவேறு போன் என்றால் நான் டு டூவைச் சொல்வேன். தனி ஆளாக மூன்று வகைக் கணினியில் புழங்குபவருக்கு டுடூயிஸ்ட், காசு கொடுத்தாவது. சொந்த சர்வரோ தெரிந்தவரின் நெக்ஸ்ட்கிளவுடோ இருந்தால் டாஸ்க்ஸ்.ஆர்க். டெக்ஸ்ட் ஃபைல், கையால் சேர்ப்பதற்கு அலுக்காதவர்களுக்கு. கூகுள் டாஸ்க்ஸை போனை விட்டு வெளியே போகாதவர்களுக்குத்தான் தருவேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பட்டியலை மொத்தமாக மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் வேலையாக மின் கட்டணத்தைப் பதியுங்கள். இரண்டு கருவியிலும் சிங்க் ஆனதும் இரண்டையும் ஏரோபிளேன் மோடில் போட்டு, இரண்டிலும் அதை டிக் அடியுங்கள். பிறகு ஒவ்வொன்றாக நெட்டில் விடுங்கள். அடுத்த தேதி இரண்டு மாதம் தள்ளி வந்தால் சரி. நான்கு மாதம் தாவியிருந்தால், "முடிந்தது" என்பதை இரண்டு தனி நகர்த்தலாக அந்த ஆப் எண்ணிவிட்டது என்று பொருள். அதை நம்பியிருந்தால் ஃப்யூஸைப் பிடுங்க ஆள் வந்தபிறகுதான் உங்களுக்கு நினைவு வரும். இந்தச் சோதனையின் நடுவில் மட்டும் லாக் அவுட் செய்துவிடாதீர்கள், ஆப் டேட்டாவை க்ளியர் செய்யவும் வேண்டாம். வரிசையில் காத்திருக்கும் மாற்றங்கள் அதோடு போய்விடும்.