டியோவா, பல்சரா, சி.டி.யா: கொழும்பில் முதல் புது வண்டி

காலை எட்டு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலி வீதியால் போகிறவருக்கு வண்டியின் உச்ச வேகம் உதவாத கணக்கு. பம்பலப்பிட்டி தாண்டும் வரை முள் 25க்கு மேல் ஏறினால் அன்றைக்கு நல்ல நாள். அப்படியிருந்தும் முதல் வண்டி எடுக்கப் போகிற பெடியளிடம் கதை கேட்டால், பல்சர் எவ்வளவு இழுக்கும், எஃப்.இசட். எவ்வளவு இழுக்கும் என்றுதான் போகும். நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு விஷயங்களை. வண்டி 20இல் ஊரும்போது உங்கள் இடது கை என்ன பாடுபடுகிறது? இரவு வீடு திரும்பியதும் வண்டியை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில், ஓடித் தேய்ந்த டியோ புதிதாக வாங்கிய விலையை விடக் கூடுதலாகக் கைமாறிய கூத்தையும் பார்த்தோம். அந்த ஆண்டுகளில் பதினெட்டைத் தாண்டியவர்கள் அண்ணன்மாரின் பழைய வண்டியில்தான் ஓடப் பழகினார்கள். புது வண்டியின் சீற்றில் பொலித்தீன் உறை கிழிக்கிற யோகம் இப்போதுதான் வந்திருக்கிறது.

போட்டியில் மூன்று வகை. முதலாவது ஸ்கூட்டர்: 110 சீசீயில் டியோ, 125இல் என்டோர்க், ரே போன்றவை. இரண்டாவது 100 சீசீ கியர் வண்டி, சி.டி. 100 என்றால் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது 150: பல்சர், எஃப்.இசட். இதற்கு மேலே உள்ளவற்றை முதல் வண்டியாக எடுக்க நினைப்பவர் எப்படியும் யார் சொல்வதையும் கேட்கப் போவதில்லை, விட்டுவிடுவோம்.

இடது கையும் இரவு நேரத் தரிப்பிடமும்

கியர் வண்டியில் கொழும்பு நெரிசல் என்றால் கிளட்ச்சைப் பிடி, விடு, பாதி பிடி, பாதி விடு. கொள்ளுப்பிட்டியிலிருந்து காலிமுகத்திடல் வரை இதையே செய்துகொண்டு போனால் மணிக்கட்டு கடுக்கத் தொடங்கிவிடும். ஸ்கூட்டரில் அந்த வேலை கிடையாது. கியர் மாற்றுகிற வேலையை உள்ளே உள்ள பெல்ட்டும் வேரியேற்றரும் தாங்களாகவே பார்த்துக்கொள்ளும். புதிதாக ஓடுகிறவருக்கு இது சொகுசு மட்டுமல்ல. கியரும் கிளட்சும் கேட்கிற கவனத்தை வீதிக்குக் கொடுக்கலாம், முதல் சில மாதங்களில் அந்தக் கவனம்தான் ஆளைக் காப்பாற்றும்.

100 சீசீ வண்டி இதில் நடுவில் நிற்கும். கிளட்ச் மெது, வண்டி இலேசு, இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் முனகாமல் ஊரும். 150இன் கிளட்ச் கொஞ்சம் கனம். அதை விட முக்கியமானது வண்டியின் மொத்த எடை. டியோ சுமார் 105 கிலோ, சி.டி. 100 சுமார் 110, பல்சர் 150 சுமார் 145. ஓடும்போது இந்த 40 கிலோ வித்தியாசம் தெரியாது. நிறுத்தும்போதுதான் தெரியும்.

வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில் கீழ்த்தளத் தரிப்பிடம் கார்க்காரருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளுக்குக் கிடைப்பது தூணுக்கும் ஜெனரேற்றருக்கும் இடையில் உள்ள முடுக்கு. உள்ளே தள்ளிவிட்டால் காலையில் பின்னோக்கி இழுத்துத்தான் எடுக்க வேண்டும். கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஒழுங்கைகளில் வீட்டுப் படியில் பலகை போட்டு வண்டியை ஹோலுக்குள்ளேயே ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பலகையில் 145 கிலோவைத் தனியாக ஏற்றிப் பாருங்கள், மழை பெய்துகொண்டிருக்கும்போது. ஷோரூமில் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. போவதற்கு முன் வீட்டுப் படியின் உயரத்தையும் கேற்றின் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள்.

பஸ்ஸுக்கு இடப்பக்கம்

பிறேக் விஷயத்தில் ஸ்கூட்டருக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன்.

கொழும்பில் புது ஓட்டுநர் விழுகிற இடம் ஒன்று உண்டு. 100ஆம் அல்லது 101ஆம் இலக்க பஸ் நிறுத்தத்தை நெருங்குகிறது. முற்றாக ஓரம் கட்டாமல் வீதியின் நடுப்பாதியிலேயே நடை தளர்கிறது. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் ஒரு மீற்றர் வெளி தெரிகிறது. பின்னால் வருகிற பெடியன் அதைப் பாதை என்று நினைத்து நுழைகிறான். அதே கணத்தில் மிதிபலகையில் தொங்கியவர், பஸ் நிற்கும் முன்பே இடப்பக்கமாகக் குதிக்கிறார். காலடியில் டீசல் கசிந்த தார், அதற்கு மேல் மஞ்சள் கடவையின் வழுக்குகிற பெயின்ற்.

இங்கே எந்த வண்டி கைகொடுக்கும்? ஸ்கூட்டரில் அக்சிலேற்றரை விட்டால் எஞ்சின் வண்டியை அவ்வளவாகப் பிடித்து இழுக்காது. முழுப் பொறுப்பும் பிறேக்கின் தலையில். பதற்றத்தில் பின் பிறேக்கை மட்டும் இறுக்கினால் பின் ரயர் வழுக்கி வண்டி பக்கவாட்டில் சாயும். இப்போது வரும் ஸ்கூட்டர்கள் பலவற்றில் இரண்டு பிறேக்கையும் இணைக்கிற சி.பி.எஸ். இருப்பதால் இடது பிடியை அழுத்த முன் சில்லும் சேர்ந்து பிடிக்கிறது. அது ஓரளவு உதவி. 150களில் முன் சில்லுக்கு ஏ.பி.எஸ். உள்ள மாதிரிகள் உண்டு. சில்லு பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடிக்கும். ஈர வீதியில் அதன் அருமை தெரியும். 17 அங்குலச் சில்லு குழியில் இறங்கி ஏறிவிடும். 10, 12 அங்குலச் சில்லு உள்ளே விழும், ஹாண்டில் உதறும். நுகேகொடை, நாரஹேன்பிட்டிப் பக்கம் களனிவெளி ரயில் பாதையைச் சாய்வாகக் கடக்கிறவர்கள் இதை உடனே ஒத்துக்கொள்வார்கள். தண்டவாளத்தை எந்த வண்டியிலும் நேராகத்தான் வெட்ட வேண்டும், சிறு சில்லு என்றால் கட்டாயமாக.

சி.டி. போன்ற மலிவு வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ட்ரம் பிறேக். பழைய தொழில்நுட்பம்தான், ஆனால் வண்டி இலேசு, எஞ்சினும் சேர்ந்து பிடிக்கும். 40க்குள் ஓடுகிறவருக்குப் போதும்.

ஆகவே ஸ்கூட்டர்தான் எடுப்பதென்று முடிவானால், விலை கொஞ்சம் கூடினாலும் இரண்டு பக்கமும் 12 அங்குலச் சில்லும் முன்னால் டிஸ்க் பிறேக்கும் உள்ளதை எடுங்கள். ஸ்டிக்கருக்கும் நிறத்துக்கும் கொடுக்கிற காசை இதற்குக் கொடுக்கலாம்.

வீட்டுக்காரரின் கணக்கு

வண்டி ஒரு ஆளுக்கு என்று வாங்கினாலும் ஓடுவது வீடு முழுவதற்கும்தான். 12.5 கிலோ காஸ் சிலிண்டரைக் கால் வைக்கும் தட்டில் நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு வருகிற ஸ்கூட்டர்காரரை ஒவ்வொரு ஒழுங்கையிலும் பார்க்கலாம். பாதுகாப்பான வேலை என்று சொல்லமாட்டேன். பல்சரில் அதைச் செய்யவே இயலாது. சந்தைப் பை, பிள்ளையின் புத்தகப்பை, மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் சீற்றுக்கு அடியிலும் தட்டிலும் இடம் உண்டு. அக்காவோ மனைவியோ நாளைக்கு அதே வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். சேலையோடு பின்னால் இருக்கிற அம்மாவுக்கு மட்டும் கியர் வண்டியின் நீள சீற்றும் சேலைக் காப்பும் வசதி.

பெற்றோலைப் பற்றிப் பேசாமல் தீராது. 2022இல் வரிசையில் நின்றவர்கள் இன்னும் மறக்கவில்லை; பெற்றோலைப் பங்கிட கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அப்போது சி.டி. வைத்திருந்தவர் ராஜா. இன்றைக்கும் அது லீற்றருக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டும். ஸ்கூட்டரும் 150உம் நகர நெரிசலில் 40ஐச் சுற்றித்தான் நிற்கும். நாளுக்கு 25 கிலோமீற்றர், மாதம் 25 நாள் ஓடினால் 625 கிலோமீற்றர். 40 என்றால் 15.6 லீற்றர், 60 என்றால் 10.4. லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாத வித்தியாசம் 1,500, 1,600 ரூபாய். வத்தளைக்கு அப்பாலிருந்தோ பாணந்துறையிலிருந்தோ தினமும் வருகிறவருக்கு இது இரண்டு மூன்று மடங்காகும், அவருக்கு 100 சீசீதான் சரி. தெஹிவளைக்கும் பொரளைக்கும் இடையில் சுற்றுகிறவர் இதற்காகத் தலையை உடைக்க வேண்டியதில்லை. தாங்கியையும் பாருங்கள்: டியோவில் 5 லீற்றரும் கொஞ்சமும், பல்சரில் 15. ஸ்கூட்டர்காரருக்கு பெற்றோல் ஷெட்டில் எல்லோரையும் தெரிந்திருக்கும்.

உதிரிப்பாகத்தில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. தெருவில் நிறைய ஓடுகிற வண்டி எதுவோ அதற்குப் பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும், ஒரிஜினலும் கிடைக்கும், ஒரிஜினல் மாதிரியும் கிடைக்கும். கடலோர மரைன் டிரைவுக்குக் கிட்ட இருப்பவர்கள் உப்புக்காற்றை மறக்கக் கூடாது. கியர் வண்டியின் செயின் வெளியே தெரிகிற மாதிரி என்றால் கழுவித் துடைத்து எண்ணெய் விடாமல் ஒரு மழைக்காலம் போனாலே செம்பழுப்பு ஏறிவிடும். ஸ்கூட்டரில் பெல்ட் உறைக்குள் இருக்கிறது. அதற்குப் பதிலாக அடிச்சட்டமும் சைலன்சரும் துருப்பிடிக்கும். கராஜில் வண்டி திருத்துகிற பாஸ் சொல்கிற மருந்து எளியது: "தம்பி, கடலுக்கு முகம் காட்டி நிப்பாட்டாதேங்கோ, கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியில அடியைக் கழுவுங்கோ."

லீசிங் மேசையில்

வண்டி வண்டியாக ஒப்பிடுகிறவர்கள் லீசிங்கை ஒப்பிடுவதில்லை. அங்கேதான் பெரிய தொகை போகிறது. 5 இலட்சம் கடன், 15 வீத ஃபிளாற் வட்டி, 3 வருடம் என்று வைப்போம். வருடத்துக்கு 75,000 வீதம் வட்டி 225,000. மொத்தம் 725,000, மாதத் தவணை 20,139 ரூபாய். கேட்கும்போது 15 வீதம்தான். ஆனால் மாதா மாதம் கடனின் முதல் குறைந்துகொண்டு வர, வட்டி மட்டும் முதல் நாள் கடனுக்கே கணக்கிடப்படுகிறது. குறைந்து வரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு 26 வீதத்துக்குக் கிட்ட வரும். ஆகவே வீதத்தைக் கேட்காதீர்கள்; "மொத்தமாக எவ்வளவு கட்டி முடிப்பேன்" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு இடத்துத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் மலிவு என்று தெரிந்துவிடும். நான் ஏறி இறங்கிய ஒரு காட்சியறையில் இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் குளிர்பானம்தான் வந்தது.

ஸ்கூட்டருக்கும் 150க்கும் உள்ள விலை வித்தியாசத்தை இந்தக் கணக்குக்குள் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். பதிவுச் செலவு, காப்புறுதி, ஹெல்மட் இரண்டு, இவை தவணைக்கு வெளியே. மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். லீசிங் என்றால் முழுக் காப்புறுதியே கேட்பார்கள். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மட் சட்டம்தான், எஸ்.எல்.எஸ். தர முத்திரை உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஒரு சிறு விஷயம்: 100 சீசீ வரைக்கும் ஏ1, அதற்கு மேல் ஏ. பெயரில் 100 என்று இருக்கிறதே என்று நம்பாமல் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எழுதியுள்ள சீசீயைப் பாருங்கள். எப்படியும் ஏ எடுத்துவிடுவதுதான் புத்தி, பிறகு எதையும் ஓடலாம். எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம்.

ஊருக்குப் போகிற கதை

150தான் வேண்டும் என்று நிற்பவர் கடைசியில் போடுகிற துரும்பு, "யாழ்ப்பாணத்துக்கு ஓடிப்போகலாம்" என்பது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது; புத்தளம், அநுராதபுரம் சுற்றியோ குருநாகல், தம்புள்ளை வழியாகவோ லொறிகளுக்கு நடுவில்தான் போக வேண்டும். வருடத்தில் நல்லூர்த் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் போகிற பயணத்துக்காக மிச்ச நாளெல்லாம் கிளட்ச் பிடிப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. வெள்ளவத்தையிலிருந்தே இரவு பஸ் இருக்கிறது.

மலையகத்துப் பெடியன் என்றால் என் கணக்கு மாறும். புறக்கோட்டையில் வேலை, ஹற்றனில் வீடு, சனிக்கிழமை வேலை முடிந்ததும் அவிசாவளையால் ஏறுகிறவர். கினிகத்தேனை வளைவுகளில் பின்னால் ஒரு ஆளும் பையும் இருந்தால் 110 ஸ்கூட்டர் மூச்சு வாங்கும். ஞாயிறு மாலை மழையில் இறங்கும்போது இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினால் வேகத்தைக் கட்டுவதும், வளைவுக்கு வளைவு பிறேக்கை மட்டும் நம்பி இறங்குவதும் ஒன்றல்ல. அவர் 150ஐ எடுக்கட்டும், முன் சில்லுக்கு ஏ.பி.எஸ். உள்ளதாக. முதல் 1000 கிலோமீற்றருக்கு எஞ்சினை முறுக்காமல், முதல் சேவிஸை வேளைக்குச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு மலை ஏறட்டும்.