ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 டாங்கிள்: தாராளமா வாங்கலாம், ஆனா கெயினை ஹிஸ்டோகிராம் பாத்து வைங்க

ரேடியோ சிக்னல் பத்தி கத்துக்க ஆரம்பிக்கிற யாருக்கும் நான் முதல்ல சொல்றது இந்த டாங்கிள்தான், கம்ப்யூட்டர் யூஎஸ்பி-ல சொருகுற சின்ன ரேடியோ ரிசீவர் (எஸ்டிஆர்-னா சாஃப்ட்வேர் டிஃபைண்ட் ரேடியோ). உள்ள இருக்குறது டிவி பாக்குறதுக்குன்னு வந்த ஆர்டிஎல்2832யூ சிப், 2012 வாக்குல அதுல இருந்து ரா சாம்பிள், அதாவது டிவி படமா மாத்தாத நேரடி சிக்னல் நம்பர்கள், எடுக்க முடியும்னு தெரிஞ்சதும் உலகம் பூரா பரவிடுச்சு. வி3-ல 1 பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ (ஃப்ரீக்வன்சி விலகாம பாத்துக்குற ஆசிலேட்டர்), எஸ்எம்ஏ கனெக்டர் (ஆன்டெனா மாட்டுற இடம்), பயஸ் டீ (ஆன்டெனா கேபிள் வழியாவே கரண்ட் குடுக்குற வசதி) எல்லாம் இருக்கு. கை வச்சா நல்லா சூடா இருக்கும், மெட்டல் பாடிதான் ஹீட் சிங்க், பயப்பட வேண்டாம்.

இதோட லிமிட் 8 பிட் ஏடிசி, அதாவது சிக்னலை நம்பரா மாத்துற பகுதி. வர்ற சிக்னல் எதுவா இருந்தாலும் 0-ல இருந்து 255 வரைக்கும் 256 படிதான். அதனால கெயின் (சிக்னலை எவ்ளோ பெருக்குறோம்ங்கிற அளவு) சரியா வைக்கலேன்னா இருக்குற கொஞ்ச படியும் வேஸ்ட். நிறைய பேர் வாட்டர்ஃபாலை (சிக்னலை கலர்ல காட்டுற ஓடுற படம்) பாத்துட்டு கலர் பளிச்சுனு வர்ற வரைக்கும் கெயினை ஏத்திட்டே போறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. ஆர்டிஎல்_எஸ்டிஆர் கமாண்ட்ல 2.4 மெகா சாம்பிள் ரேட்ல ஒரு செகண்ட் ரெக்கார்ட் பண்ணா ஒவ்வொரு சாம்பிள்லயும் இருக்குற ஐ, க்யூங்கிற ரெண்டு நம்பரும் சேத்து 48 லட்சம் பைட் வரும், அதை பைத்தான்ல நம்பை (NumPy) லைப்ரரி வச்சு படிச்சு ஹிஸ்டோகிராம், அதாவது எந்த லெவல் எத்தனை தடவை வந்துச்சுன்னு காட்டுற படம், போடுங்க, அவ்ளோதான் வேலை. பின் (bin, ஹிஸ்டோகிராம்ல இருக்குற கட்டம்) எண்ணிக்கை கண்டிப்பா 256 வைங்க. 100 வச்சா சில பின்ல ரெண்டு லெவல், சில பின்ல மூணு லெவல் விழுந்து சீப்புப் பல்லு மாதிரி தெரியும், அது சிக்னல்ல இருக்குறது இல்ல. இன்னொண்ணு, அந்த கமாண்ட்ல கெயின் 0-ன்னு குடுத்தா ஆட்டோன்னு அர்த்தம், அதனால வேற நம்பர் குடுங்க, 49.6 டிபி வரைக்கும் 29 ஸ்டெப் இருக்கு.

வெறும் நாய்ஸ்னா 127, 128-ஐ நடுவுல வச்சு மணி வடிவம் வரும். ரொம்ப ஒல்லியா நாலஞ்சு லெவல்லயே முடிஞ்சிட்டா கெயின் பத்தல. பக்கத்துல ஒரு ஸ்ட்ராங்கான எஃப்எம் ஸ்டேஷனுக்கு ட்யூன் பண்ணா நடுவுல பள்ளமா, ரெண்டு ஓரமும் மேடா மாறிடும், ஏன்னா எஃப்எம்-ல ஆம்ப்ளிட்யூட் மாறாது, சைன் அலை உச்சிகிட்டதான் அதிக நேரம் இருக்கும். இதை கிளிப்பிங்னு, அதாவது சிக்னல் அளவு மீறி வெட்டுப்படுறதுன்னு, நினைச்சுக்காதீங்க. கிளிப்பிங்னா சரியா 0-லயும் 255-லயும் மட்டும் ஒத்தை குச்சி மாதிரி நட்டுக்கிட்டு நிக்கும்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயம் 1090 மெகாஹெர்ட்ஸ் விமான சிக்னல். ஒரு மெசேஜ் மொத்தமே 120 மைக்ரோசெகண்ட்தான், மிச்ச நேரமெல்லாம் நாய்ஸ். அதனால சாதாரண ஸ்கேல்ல பாத்தா அழகான மணி மட்டும்தான் தெரியும், விமானம் வந்ததே தெரியாது. ஒய் ஆக்சிஸை லாக் (லாகரிதம்) ஸ்கேல் ஆக்குங்க, ரெண்டு பக்கமும் மெல்லிசா வால் நீளும், பக்கத்துல பறக்குற விமானம் ஓரத்துல முட்டுதான்னும் அங்கதான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஹிஸ்டோகிராம் காட்டுறது ஏடிசி-ல நடக்குறதை மட்டும்தான். அதுக்கு முன்னாடி, ஸ்டேஷனைத் தேர்ந்தெடுக்குற ட்யூனர் சிப்புக்குள்ளயே எஃப்எம் டவர் சிக்னல் ஓவர்லோட் பண்ணிட்டு இருந்தா இங்க எல்லாம் ஒழுங்கா இருக்குற மாதிரிதான் தெரியும். டவர் பக்கத்துல வீடு இருக்குறவங்க காஸ்ட்லி எஸ்டிஆர் தேடுறதுக்கு முன்னாடி 88-108 மெகாஹெர்ட்ஸ் தடுக்குற ஃபில்டர் ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாருங்க.