35 வயதில் ஹெட்கியர்: ஒரு வருஷத்துக்கு மேல் போட்ட அனுபவம்

பல்லை நேராக்க பிரேசஸ் போட்ட பெரியவர்களை இப்போது கோலாலம்பூரில் எங்கும் பார்க்கலாம். ஹெட்கியர் என்பது கடைவாய்ப் பற்களில் மாட்டி வாய்க்கு வெளியே வரும் கம்பியும், அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் கழுத்துப் பட்டையும் சேர்ந்தது. அதைப் போட்டவர்களைப் பார்ப்பதுதான் அபூர்வம், ஏனென்றால் அதை வீட்டில், பெரும்பாலும் இரவில்தான் போடுகிறோம். செந்தூலில் எனக்குத் தெரிந்த யாரும் போட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்தன. இடம் உண்டாக்க மேலே இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். அந்த இடைவெளிக்குள் முன்பற்களைப் பின்னுக்கு இழுக்கும்போது கடைவாய்ப் பற்களும் முன்னே நகரப் பார்க்கும். அவற்றை நகரவிடாமல் பிடித்து வைப்பதுதான் ஹெட்கியரின் வேலை. வளரும் பிள்ளைகளுக்கு மேல்தாடையின் வளர்ச்சியையே கட்டுப்படுத்த இது உதவும்; வளர்ந்துவிட்ட நமக்கு அந்தப் பலன் கிடையாது. எலும்பில் சின்னத் திருகாணி பதிக்கும் மினி ஸ்க்ரூ வந்தபின் பெரியவர்களுக்கு ஹெட்கியர் தருவது குறைந்துவிட்டது. டாக்டர் இரண்டையும் விளக்கினார். வாய்க்குள் திருகாணி வேண்டாம் என்று நான்தான் ஹெட்கியரைக் கேட்டேன்.

வலியைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். முதல் சில நாட்கள் கடைவாயில் கடித்தாலே வலித்தது. புட்டு மாயம் (இடியாப்பம்), கஞ்சி, சாம்பாரில் ஊறிய தோசை என்று சமாளித்தேன். அப்புறம் அடங்கிவிட்டது.

உண்மையான தொல்லை கழுத்துப் பட்டைதான். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் பிடரி வியர்த்து, பட்டை உரசி, தடிப்பு வந்துவிட்டது. பட்டைக்கு அடியில் மெல்லிய பருத்திக் கைக்குட்டையை மடித்து வைக்க அம்மாதான் சொன்னார். டாக்டரிடம் காட்டிவிட்டு அப்படியே செய்தேன், தடிப்பு போய்விட்டது. பட்டையைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். மாற்றுப் பட்டை ஒன்றை ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தூக்கமும் லேசில் பழகாது. எனக்கு ஒருக்களித்துப் படுத்தால் கம்பி கன்னத்தில் அழுத்தியது. இரண்டு பக்கமும் தலையணை வைத்து மல்லாந்து படுக்கப் பழகினேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. பட்டை மாட்டியிருக்கும்போதே கம்பியை வாயிலிருந்து இழுக்காதீர்கள். கை தவறினால் அது விசையோடு திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். முதலில் பட்டையைக் கழற்ற வேண்டும், பிறகுதான் கம்பி. இழுபட்டால் தானாக விடுபடும் பட்டை இருக்கிறது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். தூக்கத்தில் கம்பி கழன்றிருந்தால் அன்றே கிளினிக்குக்குச் சொல்லுங்கள்.

எனக்குச் சொன்ன கணக்கு ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம். தூக்கம் மட்டும் அதற்குப் போதாது. வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, பல் துலக்கிய கையோடு மாட்டினால்தான் காலைக்குள் கணக்கு நிறையும். அதனால் மாமாக் உணவுக்கடையில் நண்பர்களோடு உட்காரும் இரவுகள் குறைந்தன, அதில் எனக்கு வருத்தம் உண்டு. தீபாவளிக்கு வீட்டில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மாட்டிக்கொண்டே கூடத்தில் போய் உட்கார்ந்தேன். பெரியம்மா, “வலிக்குதாம்மா?” என்று கேட்டார். அக்கா பிள்ளைகள் கிட்டே வந்து பார்த்தார்கள். இழுக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன். அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு வீட்டில் யாருக்காகவும் நான் அதைக் கழற்றவில்லை.

இடைவெளி மூடிவிட்டது, கடைவாய்ப் பற்கள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன என்று போன மாதம் டாக்டர் ஹெட்கியரை நிறுத்தினார். பிரேசஸ் இன்னும் இருக்கிறது. மாலையில் நேரத்துக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்கிறவர்களும் அடிக்கடி வெளியூர் போகிறவர்களும் மினி ஸ்க்ரூ பற்றி முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.