கோழிக்கூட்டுக்கு லைட் போட்டு நான்கு மாரி

மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் வளவுக்குள் 42 முட்டைக்கோழிகளோடு தொடங்கினேன். கீரிக்கும் மரநாய்க்கும் பயந்து பகலிலும் வெளியே விடுவதில்லை. உமி பரப்பிய கூட்டுக்குள்ளேயே வளர்ப்பு. 2021 மாரியில் சாரல் அடிக்காமல் நாலு பக்கமும் தறப்பாள் கட்டினேன். அடுத்த வாரங்களில், நாளுக்கு 35, 36 என்று கிடைத்த முட்டை 22க்கு இறங்கிவிட்டது. தீனை மாற்றினேன், பூச்சிமருந்தும் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கால்நடைத் துறையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். கூட்டுக்குள் தலையை விட்டதுமே, "தம்பி, இதுக்குள்ள பகலே இல்லையே" என்றார்.

முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணிநேர வெளிச்சம் வேண்டும். நம் பக்கத்தில் ஆனி மாதத்தில்கூடப் பகல் பன்னிரண்டரை மணிநேரந்தான், மார்கழியில் சுமார் 11 மணி 40 நிமிடம். அதிலும் பாதியைத் தறப்பாள் மறைத்திருந்தது.

அவசரத்தில் பளீரென்ற வெள்ளை பல்ப் ஒன்றைத் தாழ்வாகக் கட்டினேன். அது பெரிய பிழை. வெளிச்சம் கூடினால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தும். பின்பக்கம் கொத்துப்பட்டு ஒரு கோழி செத்தது. இன்றைக்கும் மனம் கேட்பதில்லை. அப்புறம் மஞ்சள் ஒளி தரும் 7 வாட் எல்இடி இரண்டை உயரத்தில் போட்டேன். தீன் தொட்டியடியில் குந்தியிருந்து பேப்பர் வாசிக்க முடிந்தால் போதும். கோழிக்கு வெளிச்சம் கண்ணால் மட்டுமல்ல, மண்டையோட்டினூடாகவும் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. செம்மை கலந்த ஒளி அப்படி நன்றாக ஊடுருவும் என்பதால்தான் மஞ்சள் பல்ப்.

முதலில் இரவு 9 மணிவரை எரியவிட்டேன். திடீரென்று அணைந்ததும் கம்பில் ஏறாத கோழிகள் இருட்டில் மூலைக்குள் நெரிபட்டன. இப்போது அதிகாலை 3.30க்கு எரிந்து 6.30க்கு அணையும். மாலையில் பொழுது மங்க மங்க அவை தாமாகவே கம்பேறிவிடும். ஒரேயடியாக 3 மணிநேரம் கூட்டாமல் வாரத்துக்கு அரை மணிநேரமாகக் கூட்டினேன். ஆறாம் வாரம் முட்டை 33க்கு வந்தது. மாதம் ஒன்றரை யூனிட்கூட இதற்குச் செலவாகாது.

என்னை அதிகம் அலைக்கழித்தது டைமர். சுற்றும் முள் வைத்ததைத்தான் வாங்கியிருந்தேன். 2022இல் கரண்ட் வெட்டு தொடங்கியது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை போனது. கரண்ட் நின்றால் அந்த டைமரும் நின்றுவிடும், வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து ஓடும். அதிகாலை எரிய வேண்டிய லைட் ஒருநாள் மத்தியானத்தில் எரிந்தது, மறுநாள் இரவு 10 மணிக்கு. கோழிகள் இறகு உதிர்க்கத் தொடங்கி, சில இரண்டு மாதம் முட்டையே விடவில்லை. முட்டைக் காலத்தில் வெளிச்ச நேரம் ஒருபோதும் குறையக்கூடாது. வெளிச்சம் குறைந்தால் கோழியின் உடம்பு முட்டையை நிறுத்தி இறகு மாற்றப் போய்விடும். உள்ளே பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கிய பிறகு, கரண்ட் போனாலும் நேரம் பிசகுவதில்லை.

2023இல் வாங்கிய விடலைக் கோழிகளுக்கு 18 வாரம்வரை லைட் போடவில்லை. வளராத உடம்பை வெளிச்சத்தால் அவசரப்படுத்தினால் முட்டை சிறுக்கும், முட்டைக்குழாயும் வெளித்தள்ளும். பக்கத்து வளவு மாமி முதல் நாளிலிருந்தே போட்டு இரண்டு கோழியை இழந்தார். அவரிடம் முன்பே சொல்லியிருக்கலாம் என்று எனக்குக் கவலை.

உமித்தூசி படிந்தால் பல்ப் மங்கிவிடும், ஞாயிறு தோறும் துடைக்கிறேன். உப்புக்காற்றில் ஹோல்டர் துருப்பிடித்து இதுவரை மூன்று மாற்றியாயிற்று. வருகிற மாரிக்குமுன் தறப்பாளின் மேற்பாதியை எடுத்துவிட்டு வெளிச்சத்தை உள்ளே விடும் தகடு போடப்போகிறேன். சாரலும் வராது, பகலும் உள்ளே வரும்.