செந்தூர் பாசஞ்சரில் ஆழ்வார்திருநகரி

தாமிரபரணிக் கரையோரத்துப் பெருமாள் கோயில்களான நவதிருப்பதி ஒன்பதையும் ஒரே நாளில் சேவிக்க நினைப்பவர்களுக்கு ரயில் சரிப்படாது, கார்தான் பிடிக்க வேண்டும். அவற்றில் ஒன்றான ஆழ்வார்திருநகரியை மட்டும் ஆற அமரப் பார்க்க என்றால் திருநெல்வேலி–திருச்செந்தூர் பாசஞ்சரை அடித்துக்கொள்ள வேறு வண்டியே கிடையாது. சாதாரண வண்டியின் குறைந்தபட்சக் கட்டணமான 10 ரூபாயிலேயே போய்விடலாம்.

காலை வண்டியில்தான் கிளம்ப வேண்டும். உச்சிவேளையில் நடை சாத்தினால் மாலைதான் திறப்பார்கள். பாதை ஒற்றைத் தடம். செய்துங்கநல்லூரிலோ ஸ்ரீவைகுண்டத்திலோ கிராஸிங்குக்காக, அதாவது எதிர்வண்டிக்கு வழிவிட, வண்டியைப் போட்டுவிடுவது உண்டு. அரை மணி பிந்தினாலும் தரிசனம் கைநழுவாதபடி வண்டியைத் தேர்ந்துகொள்ளுங்கள். சென்னையிலிருந்து வரும் செந்தூர் எக்ஸ்பிரஸும் இதே தடம்தான், ஆனால் பாசஞ்சர் டிக்கெட் அதில் செல்லாது. காலைப் பலகாரத்தைத் திருநெல்வேலி ஜங்ஷனிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

இடதுபக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், ஆறு அந்தப் பக்கம்தான்.

ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி அந்த ஊர்ப் பெருமாளான கள்ளபிரானையும் சேவிக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு உதைக்கும். ஸ்டேஷன் புதுக்குடிப் பக்கம், தென்கரையில், கோயில் வடகரையில். ஆட்டோ பிடித்து அணைக்கட்டுப் பாலம் தாண்டிப் போய்த் திரும்புவதற்குள் வண்டி போயிருக்கும், அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும்.

ஆழ்வார்திருநகரியில் அந்தத் தொல்லை இல்லை, நடந்தே போய்விடலாம். மூலவர் ஆதிநாதரைச் சேவித்த கையோடு வெளியே வந்துவிடுகிறார்கள் பலர். அது பெரும் இழப்பு. நம்மாழ்வார் வீற்றிருந்த உறங்காப்புளி என்னும் புளியமரத்தடியில் நின்று பார்க்க வேண்டும். அடிமரம் பொந்து விழுந்து கிடக்க, மேலே பச்சைப் பசேலென்று தழை. இரவிலும் இலை மூடாது என்பதால் இந்தப் பெயர் என்பார்கள். மரத்தைச் சுற்றிய மதிலில் ஆழ்வார்கள் பாடிய திவ்யதேசங்களின் பெருமாள்கள் சிற்பமாக வரிசையாக இருக்கிறார்கள், ஒவ்வொருவராகப் பாருங்கள். மார்கழியில் திவ்யப் பிரபந்தம் ஓதும் அத்யயன உற்சவத்தில் போனால், பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் பாடும் அரையர் சேவையும் கிடைக்கும். இன்று அது நடக்கிற கோயில்கள் மிகச் சில. நேரம் மிச்சமிருந்தால் மதுரகவியாழ்வார் பிறந்த திருக்கோளூர் பக்கத்திலேயே, ஆட்டோவில் போய் வரலாம்.

திரும்பும் டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்து வைக்காதீர்கள். 199 கி.மீ.க்குள் அன்ரிசர்வ்டு (முன்பதிவில்லாத) டிக்கெட் என்றால், வாங்கிய 3 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்துப் புறப்படும் முதல் வண்டியில் ஏறியாக வேண்டும். விடுமுறை நாள்களில் செந்தூரிலிருந்தே வண்டி நிரம்பி வரும், பாளையங்கோட்டை வரை நிற்கத் தயாராக இருங்கள். கந்த சஷ்டி, வைகாசி விசாக நாள்களில் ஏறவே முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் வண்டி ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டே கிளம்புங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய், செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது இந்தத் தடத்தில்தான்.